களைப்பை அளக்கும் கோல்

களைப்பு என்பது யாது என்று எவரும் எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாலை ஏழு மணிக்குக் காளிகாட் நிலையத்தில் சுரங்க இரயிலை விட்டு இறங்கிப் படியேறும் ஒவ்வொருவரும் அதனை நன்கு அறிவர். ஆனால் அதை அளந்து காட்டுக என்று கேட்டுவிட்டால் அறிஞரும் தடுமாறுகின்றனர். காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. குருதி அழுத்தத்துக்கு ஒரு கருவி உண்டு. சோகையைக் காண ஒரு துளிக் குருதி போதும். களைப்புக்கோ ஒரே வழிதான். களைத்தவரையே கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கென்று மேலை நாட்டார் வினாப் படிவங்கள் பலவற்றை அமைத்திருக்கின்றனர். அவை இன்று நம் மாணவர்களின் ஆய்வேடுகளிலும் மருத்துவ முகாம்களிலும் தாராளமாக உலவுகின்றன. ஆயின் அவற்றைப் பொதுமக்கள் கையில் கொடுக்குமுன் அப்படிவங்களையே நாம் சோதித்துப் பார்த்தோமா? சோதிக்க வேண்டும், அதுவும் இங்கே, இந்நகர மக்களிடையே, அவர்கள் பேசும் மொழியிலே சோதிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இவ்வினா இந்நகரத்துக்குப் புதியதன்று. உடலியங்கியல் பயிலும் நான் நாள்தோறும் கடந்து செல்லும் ஆச்சாரிய பிரபுல்ல சந்திரர் சாலையில், அறிவியல் கல்லூரியை அடுத்தாற்போல், 1917-இல் ஜகதீச சந்திர போஸ் நிறுவிய ஆய்வுக்கூடம் நிற்கிறது. அதற்கும் முன்பே, 1902-இல் வெளியிட்ட நூலில், அவர் வெள்ளீயக் கம்பிக்கும் களைப்பு உண்டு என்று எழுதினார். கம்பியை மீண்டும் மீண்டும் அதிரச் செய்தால் அது தரும் மின் துலக்கம் படிப்படியாகக் குன்றுகிறது; சற்று ஓய்வு கொடுத்தால் மீள்கிறது. அதைக் காட்டும் கோடுகளை அவர் வரைந்தே காட்டினார். கம்பியின் களைப்பைக் கருவி சொல்லிவிட்டது. மனிதனின் களைப்பையும் அவ்வாறே கருவியைக் கொண்டு பிடித்துவிடலாம் என்று எண்ணியவர்களும் இருந்தனர். இத்தாலியில் தூரின் நகரத்து ஆஞ்சலோ மொஸ்ஸோ, ஒரு விரலால் எடையை இழுக்கச் செய்து, விரல் ஓயும் வரை பதிவு செய்யும் பொறி ஒன்றை அமைத்தார். 1891-இல் களைப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் விரல் ஓய்வது வேறு, ஆள் ஓய்வது வேறு என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. விரல் ஓய்ந்தவன் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு போகிறான். விரலை அசைக்காமல் நாளெல்லாம் கணக்கெழுதியவன் துவண்டு விழுகிறான்.

1921-இல் பெர்னார்டு மஸ்கியோ என்ற உளவியலறிஞர், களைப்புக்குச் சோதனை ஒன்று அமைத்தல் இயலுமா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். இயலாது என்பதே அவர் கண்ட விடை. அதோடு நில்லாமல், களைப்பு என்னும் சொல்லையே துல்லியமான அறிவியற் பேச்சிலிருந்து விலக்கிவிடலாம் என்றும் சொன்னார். நூறாண்டுகள் கடந்துவிட்டன. சொல் விலகவில்லை, களைப்பும் விலகவில்லை. கருவிகள் கைவிட்ட இடத்தில் காகிதம் வந்து அமர்ந்தது.

அக்காகிதங்களுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது, 1989-இல் அமெரிக்காவில் குருப் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் தம் கூட்டாளிகளும் வெளியிட்டது. ஒன்பது கூற்றுகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண் இட வேண்டும். சராசரி நான்கைத் தொட்டால் களைப்பு மிகுந்தவர் என்று கொள்வது வழக்கம். இரண்டாவது, 1993-இல் இலண்டனில் சால்டரும் அவர் குழுவினரும் அமைத்தது. முதலில் பதினான்கு கேள்விகளாக இருந்து, பிறகு பதினொன்றாகச் சுருங்கியது. ஏழு உடற்களைப்பைப் பற்றியவை, எஞ்சிய நான்கு மனக்களைப்பைப் பற்றியவை. விடைகள் 'வழக்கத்தைவிடக் குறைவு', 'வழக்கத்தைவிட அதிகமில்லை', 'வழக்கத்தைவிட அதிகம்', 'வழக்கத்தைவிட மிக அதிகம்' என்று நான்கு படிகளில் அமையும்.

இரண்டும் சோதிக்கப்பட்டவை என்று ஆய்வேடுகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும். உண்மைதான். ஆனால் யாரிடம் சோதித்தார்கள் என்பதை எழுதுவோர் சிலரே. குருப் குழுவினர் தண்டுவட மரப்பு நோய் கொண்ட 25 பேரையும், லூபஸ் நோய் கொண்ட 29 பேரையும், நோயற்ற 20 பேரையும் கொண்டு தம் படிவத்தைச் சோதித்தனர். சால்டர் குழுவினர் ஒரு மருத்துவரின் பட்டியலில் புதிதாகப் பெயர் பதிந்த 274 பேரிடமும், மருத்துவரைக் காண வந்த வேறு 100 பேரிடமும் சோதித்தனர். இவை நேர்மையான தொடக்கங்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த 74 பேருக்கும் 374 பேருக்கும் பொருந்திய கோல், லேக் மார்க்கெட்டில் வாழையிலை விற்பவருக்கும் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பும் நம்மவரைத்தான் குறை சொல்கிறேன்.

நம்பகம் என்பது படிவத்தின் உள்ளே அச்சிட்டு வைத்த குணமன்று. ஒரு தராசு இரும்புக் கடையில் நன்றாக வேலை செய்யலாம். அதே தராசில் தங்கம் நிறுத்தால் தட்டானின் பிழைப்புப் போய்விடும். தராசு மாறவில்லை, நிறுக்கப்படும் பொருள்களிடையே உள்ள வேறுபாடு சிறுத்துவிட்டது. இதைக் கணக்கால் காட்டுவது எளிது. ஒரு படிவத்தின் பிழை அளவு 9 என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளும் நோயற்றவர்களும் கலந்த கூட்டத்தில் உண்மையான வேறுபாட்டின் அளவு 36 என்றால், நம்பகம் 45-இல் 36, அதாவது 0.8. 'நன்று' என்று எழுதிவிடுவோம். பொதுமக்களிடம் செல்கிறோம். அங்கே பெரும்பாலோர் நடுத்தரக் களைப்புள்ளவர்கள். உண்மை வேறுபாடு 9 மட்டுமே. இப்போது நம்பகம் 18-இல் 9, அதாவது 0.5. ஒரு எழுத்தும் மாறாத அதே காகிதம், ஆள் மாறியதும் பாதிக்குப் பாதி தற்செயலை அளக்கத் தொடங்கிவிட்டது. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவையே. விதி மட்டும் மெய்யானது.

பிறகு ஆல்பா என்று ஓர் எண் உண்டு. லீ கிரான்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற இவ்வெண், ஒரு படிவத்தின் கேள்விகள் தம்முள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டுகிறது. 0.8 வந்துவிட்டால் மாணவர் முகம் மலர்கிறது. பேராசிரியர் கையொப்பம் இடுகிறார். ஆனால் இந்த எண்ணை உயர்த்துவதற்கு ஓர் எளிய சூழ்ச்சி உண்டு. கேள்விகளைப் பெருக்கினால் போதும். கேள்விகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.3 என்று இருந்தால், பத்துக் கேள்விகளுக்கு ஆல்பா 0.81. அதே தரத்தில் இன்னும் பத்துச் சேர்த்தால் 0.90-ஐ ஒட்டி நிற்கும். 'களைப்பாக இருக்கிறதா?', 'சோர்வாக இருக்கிறதா?', 'தளர்ச்சியாக இருக்கிறதா?' என்று ஒன்றையே மூன்று முறை கேட்டால், கேட்கப்பட்டவர் எரிச்சலோடு மூன்று முறையும் ஒரே விடையைத்தான் தருவார். ஒத்துப்போவது என்னவோ உண்மை. கிளிப்பிள்ளையும் ஒத்துப்போகும். கிரான்பாக் மறைந்தபின் 2004-இல் வெளியான அவருடைய கடைசிக் கட்டுரை, அந்த எண்ணோடு தம் பெயர் ஒட்டிக்கொண்டதில் அவருக்கே கூச்சம் இருந்தது என்பதைக் காட்டுகிறது. ஆல்பாவே போதும் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை.

பொதுமக்களிடம் இப்படிவங்களைக் கொண்டுசென்று முறையாகச் சோதித்தவர்களும் உண்டு. நார்வே நாட்டில் லெர்டால் குழுவினர் ஒன்பது கூற்றுப் படிவத்தைத் தம் மொழியில் பெயர்த்து, நாடு தழுவிய மாதிரியில் 1,893 பேரிடம் வினவி, 2005-இல் முடிவை வெளியிட்டனர். சராசரி என்ன தெரியுமா? 4.0. எந்த எண்ணைத் தொட்டால் களைப்பு மிகுந்தவர் என்று கொள்கிறோமோ, அதே எண்! அந்தக் கோட்டின்படி நார்வே மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைந்தவர்கள் களைப்பு மிகுந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். கோட்டை ஐந்துக்கு உயர்த்தினால் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர். ஒரு கோட்டை ஓர் எண் நகர்த்தியதும் நாட்டின் நோயாளர் தொகை பாதியாகிறது என்றால், அந்தக் கோட்டை எங்கே இடுவது என்பது சிறிய கேள்வியா? நார்வேயார் அதை அறிந்துகொண்டனர்; ஏனென்றால் கேட்டுப் பார்த்தனர்.

சால்டர் படிவத்துக்கும் இத்தகைய சோதனை நடந்திருக்கிறது. 1994-இல் வெளியான தென் இங்கிலாந்து ஆய்வில் விடை எழுதிய பதினையாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 18.3 பேர், ஆறு மாதமோ அதற்கு மேலோ கணிசமான களைப்பு உள்ளவர்கள் எனக் கண்டனர். 1998-இல் நார்வேயில் அதே படிவத்தால் கண்டது 11.4. இங்கிலாந்து ஆய்வில் படிவம் பெற்றவர்களில் பாதிப் பேருக்கும் குறைவானவர்களே திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். களைத்தவர் ஆவலோடு எழுதி அனுப்பினாரா, அல்லது எழுதவும் தெம்பில்லாமல் மூலையில் போட்டுவிட்டாரா? இரண்டுக்கும் இடமுண்டு.

நார்வே ஆய்வில் இன்னொரு செய்தி என்னைப் பலநாள் சிந்திக்க வைத்தது. பதினொரு கேள்விக்கும் ஒருவர் 'வழக்கத்தைவிட அதிகமில்லை' என்றே விடையிட்டால் அவர் மதிப்பெண் 11. அந்நாட்டுப் பொதுமக்களின் சராசரி ஏறத்தாழ 12. அதாவது பெரும்பாலோர் 'வழக்கம்போல்' என்ற ஒரே படியில் கூடி நிற்கிறார்கள். கூடி நிற்பவர்களைப் பிரித்துக் காட்டுவதுதான் அளவுகோலின் வேலை. இக்கோலோ அந்த இடத்திலேயே கூர் மழுங்கி நிற்கிறது.

இந்த 'வழக்கம்' என்னும் சொல்லைத்தான் நம் நாட்டில் நான் அஞ்சுகிறேன்.

எங்கள் காளிகாட் குடியிருப்பில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கும் மாஷி ஒருவர் உண்டு. விடியுமுன்னே கேனிங் பாதையின் இரயிலைப் பிடித்து வருவார். பிற்பகல் வீடு திரும்பி அங்கே தம் குடும்பத்துக்குச் சமைப்பார். இருபது ஆண்டுகளாக இதுவே அவர் வாழ்க்கை. சென்ற ஆண்டு ஒரு முகாமில் இப்படிவங்களுள் ஒன்றை வங்காளியில் பெயர்த்து அவரிடம் படித்துக் காட்டினர். முகாம் எது என்பது இங்கு வேண்டா. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் விடை ஒன்றே: "ஜெமன் தாகி, தெமனி". எப்போதும் இருப்பது போலத்தான் என்பது பொருள். இப்படிவத்தை மதிப்பிடும் முறை இரண்டு. அவற்றுள் ஒன்றின்படி 'குறைவு', 'அதிகமில்லை' என்னும் இரண்டுக்கும் சுழி. ஆகவே மாஷியின் மதிப்பெண் பூச்சியம். களைப்பில்லாத பெண்மணி! குருதி சோதிக்கும் வரிசையில் அவர் நிற்க வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் மகிழ்ச்சியோடு வந்து எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கினார்.

நெடுநாள் களைத்தவர்கள் தாம் கடைசியாக நலமாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டு விடை தருக என்று அப்படிவத்தின் தலைப்பில் ஒரு குறிப்பு உண்டு. அமைத்தவர்கள் இந்த இடரை எண்ணாமல் விடவில்லை. ஆனால் கேட்பவர் அக்குறிப்பைப் படிக்காமல் தாவுகிறார். படித்தாலும், கடைசியாக நலமாக இருந்த காலம் எது என்று மாஷிக்கு எப்படித் தெரியும்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மேற்கு வங்காளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 71 பேருக்குச் சோகை உண்டு. தமிழ்நாட்டில் 53. எந்த நாட்டில் வழக்கமே நோயாக இருக்கிறதோ, அந்த நாட்டில் 'வழக்கத்தைவிட அதிகமா?' என்று கேட்பது யாருக்கு நன்மை?

சோகைதான் களைப்புக்குக் காரணம் என்று நான் முடிவு கட்டிவிடவில்லை. அதையும் நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். கோவாவில் விக்ரம் படேலும் அவர் குழுவினரும் பெண்களிடையே நடத்தி, 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பன்னிரண்டு பெண்கள் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட களைப்பைச் சொன்னார்கள். அக்களைப்போடு தொடர்புடையவையாக அவர்கள் கண்டவை வறுமையும், பெண்ணாய்ப் பிறந்ததால் வரும் ஒடுக்கமும், மனத்துயரும். குருதியிலுள்ள ஹீமோகுளோபின் அளவோடு தொடர்பு காணவில்லை. இது மதிக்கத்தக்க ஆய்வு. மருந்துக் கடை இரும்புச் சத்து மாத்திரையால் மட்டும் தீராத களைப்பு ஒன்று உண்டு என்று அது நமக்குச் சொல்கிறது. ஆயினும் நாளை வேறொருவர் வேறொரு படிவத்தைக் கொண்டு இதே கேள்வியை ஆராய்ந்து, 'எதனோடும் தொடர்பில்லை' என்று எழுதினால், முதலில் நாம் கேட்க வேண்டியது அப்படிவத்தின் நம்பகம் என்ன என்பதுதான். சார்லஸ் ஸ்பியர்மன் 1904-இலேயே கணக்கிட்டுக் காட்டியபடி, நம்பகம் குறைந்த அளவுகோல் உண்மையான தொடர்பையும் மெலிவித்துக் காட்டும். உண்மை ஒட்டுறவு 0.5 என்றும் படிவத்தின் நம்பகம் 0.5 என்றும் கொண்டால், மற்ற அளவில் பிழையே இல்லாவிடினும் நம் கண்ணுக்குப் படுவது 0.35 தான். சிறிய மாதிரியில் அதுவும் மறைந்துபோகும். 'தொடர்பில்லை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு திட்டத்துக்கான பணத்தை நிறுத்திவிடலாம். கோல் கோணலாக இருந்ததற்காக மாஷி தண்டம் கட்டுவார்.

மொழிக்கு வருவோம். நம் மன்றத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது நண்பர் ஒருவர், "களைப்பு என்று பெயர்த்துவிட்டால் தீர்ந்தது, இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். தீரவில்லை, நண்பரே. வெயிலில் நடந்து வந்தவருக்குக் களைப்பு. மோர் குடித்தால் போய்விடும். இரண்டு நாள் திருமண வீட்டு வேலை செய்தவருக்கு அலுப்பு. காய்ச்சல் விட்டு எழுந்தவருக்கு அசதி. பிள்ளைக்கு வேலை கிடைக்காத தந்தைக்குச் சோர்வு. முதியவருக்குத் தளர்ச்சி. இவற்றுள் எதை ஆங்கிலப் படிவத்தின் ஒரு சொல்லுக்கு நேராக வைப்பது? 'சோர்வு' என்று வைத்தால் மனம் குன்றியவர்கள் மதிப்பெண் ஏறும். 'களைப்பு' என்று வைத்தால் உடலுழைப்பாளிகள் மதிப்பெண் ஏறும். எங்கள் தெருவில் எழுபது வயதைக் கடந்த தஞ்சாவூர்ப் பாட்டி ஒருவர், களைப்பா என்று கேட்டால் இல்லை என்பார், சோர்வா என்று கேட்டால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார், "உடம்பு எப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்டால், "கை கால் எல்லாம் கழண்டு விழுந்துடும் போல இருக்குடா கண்ணா" என்பார். படிவத்தில் அந்த மூன்றாம் கேள்வி இல்லையே!

இடம் பெயர்ந்து வாழும் நமக்கென்று இன்னொரு வேடிக்கையும் உண்டு. சால்டர் படிவத்தின் மனக்களைப்புப் பகுதியில், பேச்சில் நா தடுமாறுகிறதா, சரியான சொல் கிடைக்கத் திணறுகிறீர்களா என்னும் பொருளில் கேள்விகள் வருகின்றன. இலண்டன்காரருக்கு இவை களைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். வீட்டில் தமிழும், கடையில் வங்காளியும், அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும் பேசும் கொல்கத்தாத் தமிழருக்கு இவை அன்றாட வாழ்க்கை. பத்து வயதில் இந்நகருக்கு வந்த நான் இன்றும் மீன்காரரிடம் ஒரு சொல்லுக்காகத் தவிப்பதுண்டு. நன்றாக உறங்கி எழுந்த காலையிலும் தவிப்பேன். இக்கேள்விகளை அப்படியே வைத்துக்கொண்டு கணக்கிட்டால், இடம்பெயர்ந்த தமிழர்கள் மற்றவரைவிட மனம் களைத்தவர்கள் என்று ஓர் ஆய்வேடு எழுந்தாலும் எழும். ஆல்பாவும் அழகாகவே வரும். ஏனெனில் நா தடுமாறுபவருக்கே சொல்லும் கிடைப்பதில்லை. ஒன்பது கூற்றுப் படிவத்தில் உடற்பயிற்சி செய்தால் களைப்பு வருகிறதா என்ற கருத்தில் ஒரு கூற்று உண்டு. மூன்றாம் மாடிக்குக் குடத்தில் நீர் சுமக்கும் பெண்ணிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். "உடற்பயிற்சியா? எனக்கா?" என்று சிரித்துவிட்டு, இல்லை என்று சொல்லுவார்.

இனி, யார் கேட்கிறார் என்பது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் தாமே குறியிடுவார். தெரியாதவரிடம் நாம் படித்துக் காட்டிக் கேட்கிறோம். கேட்பவர் ஆணா பெண்ணா, அருகில் மாமியார் நிற்கிறாரா, அடுப்பில் பால் பொங்குகிறதா என்பவை எல்லாம் விடையில் புகும். இதற்கு மருந்து தேடி நாம் இலண்டனுக்கோ ஆஸ்லோவுக்கோ போக வேண்டியதில்லை. வடக்கே பாராநகர் வரை போனால் போதும். 1931-இல் மாநிலக் கல்லூரியின் ஓர் அறையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பிரசாந்த சந்திர மகாலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தின் சணல் விளைநிலப் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடும் பணியில் ஈடுபட்டார். வயலை அளக்கப் போகிறவர் மரத்தடியில் அமர்ந்தே எண்ணை எழுதிவிட்டால் என்ன செய்வது? மகாலனோபிஸ் ஒரே நிலப்பகுதியில் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு மாதிரிகளை எடுத்தார். அவற்றைத் தனித்தனியே இரு குழுக்களிடம் ஒப்படைத்தார். இரண்டின் முடிவுகளும் ஒத்து வந்தால் நம்பலாம். விலகினால் எங்கோ பிழை. பிழையை ஒளிக்காமல், பிழை வெளிப்படும்படியே வேலையை அமைத்தார். சணலுக்கு இவ்வளவு எச்சரிக்கை காட்டிய நகரம், தன் மக்களின் களைப்புக்கு ஒரே ஆளை ஒரே முறை அனுப்பி ஒரே எண்ணை வாங்கிக்கொண்டு திருப்தியடையலாமா? இந்தியாவிலேயே முதல் உளவியல் துறை 1916-இல் தொடங்கப்பெற்றதும் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில்தான். நமக்கு வழிகாட்டிகள் இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டாம் முறை கேட்பதிலும் ஒரு முடிச்சு உண்டு. நீளத்தை இன்று அளந்தாலும் நாளை அளந்தாலும் மேசை மேசைதான். களைப்போ மாறுவது. மறுநாளே கேட்டால் முன்பு சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு அதையே சொல்வார். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் மே மாத வெக்கையில் சொன்னதும் மழை பிடித்த ஆகஸ்டில் சொன்னதும் வேறாகத்தான் இருக்கும். அது படிவத்தின் பிழையன்று. பதினான்கு நாள் இடைவெளி ஓரளவு பொருந்தும் என்பது என் எண்ணம். அந்தப் பதினான்கு நாளுக்குள் துர்கா பூசை வரக்கூடாது. பூசை நாட்களில் இந்நகரில் உறங்குபவர் யார்? காலையில் கேட்டவரை மீண்டும் காலையிலேயே கேட்க வேண்டும். ஞாயிறு கேட்டவரை ஞாயிறே கேட்க வேண்டும்.

இதனால் வரும் பயன் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஒரு படிவத்தில் மக்களின் மதிப்பெண் சராசரியிலிருந்து 5 அளவு சிதறுகிறது, நம்பகம் 0.8 என்று கொள்வோம். அப்படியானால் ஒருவரின் மதிப்பெண்ணில் மட்டும் திட்டப்பிழை இரண்டுக்கு மேற்பட்டதாக இருக்கும். ஒரே ஆளின் இரு மதிப்பெண்களுக்கிடையே ஆறு வரை வேறுபாடு வந்தாலும் அது தற்செயலாக இருக்கலாம். 18 எடுத்தவர் மருந்து சாப்பிட்டபின் 13 எடுத்தார், ஆகவே குணமாகிறார் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. 13 எடுத்த ஊழியருக்கு விடுப்பு இல்லை, 14 எடுத்தவருக்கு உண்டு என்று சொல்லவும் உரிமையில்லை. 0.8 என்பதே 'நன்று' என்று நாம் கொண்டாடும் எண் என்பதை மறக்க வேண்டா.

நம் மன்றம் ஆண்டுதோறும் நடத்தும் மருத்துவ முகாமில் இவ்வாண்டு களைப்புப் படிவம் ஒன்றையும் சேர்க்கலாம் என்று ஒரு கருத்து எழுந்திருக்கிறது. நான் அதை எதிர்க்கவில்லை. முகாமுக்கு முன் அறுபது குடும்பங்களிடம் அதைச் சோதித்துவிட்டுச் சேர்ப்போம் என்கிறேன். லேக் மார்க்கெட்டிலும் காளிகாட்டிலும் அறுபது தமிழ்க் குடும்பங்களைக் காண்பது கடினமன்று. சீட்டுக் குலுக்கிப் பெயரெடுப்போம்; தெரிந்தவர் வீடாகப் பார்த்துப் போக வேண்டா. இருவர் இருவராகச் செல்வோம். ஒரு வீட்டில் முதல் முறை கேட்டவர் மறுமுறை கேட்க வேண்டா, மற்றவர் கேட்கட்டும். முதல் விடைகளை உறையிலிட்டு ஒட்டிவிடுவோம். 'வழக்கத்தைவிட' என்பதற்குப் பதிலாக, 'காலையில் எழும்போதே', 'வேலைக்கு நடுவே உட்கார நேர்ந்த நாட்கள் வாரத்தில் எத்தனை' என்று எண்ணிச் சொல்லத்தக்க கேள்விகளையும் ஒரு பக்கத்தில் வைத்து, எது நிலைத்து நிற்கிறது என்று பார்ப்போம். செலவு தாளுக்கும் பேருந்துக்கும்தான். மாஷியைப் போன்ற வங்காளப் பெண்களிடம் இதே சோதனையை வங்காள மாணவ நண்பர்கள் நடத்த முன்வந்தால், இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

வேலை ஒருவாறு தொடங்கியும்விட்டது. களைப்பைச் சொல்ல நம் வீடுகளில் எந்தச் சொல் வழங்குகிறது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்து வருகிறோம். இதுவரை பதினேழு சொற்களும் தொடர்களும் சேர்ந்திருக்கின்றன. 'அசதி' என்றால் தூக்கம் வருவதா, தெம்பு இல்லாததா என்பதில் மதுரைக்காரருக்கும் தஞ்சைக்காரருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அடுத்த சனிக்கிழமை மாலை மன்ற அறையில் அதைத் தீர்க்க உட்காருகிறோம். நெல்லையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தவர்கள் பட்டியலில் மிகக் குறைவு. அவர்கள் அவசியம் வர வேண்டும்.